பகட்டுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே பேச வருபவர் பெரிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவதே வழக்கம். நானோ இன்று ஒரேயொரு சொல்லை மாத்திரம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் தமிழ்ச் சொல் அன்று. ஓர் ஆங்கில வினைச்சொல். இதைக் கேட்டதும் பின்வரிசையிலே சிலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகின்றது. சிறிது பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லை நான் பிழையாக எழுதியதனால் ஓர் ஒழுங்கை அடைபட்டுப் போயிற்று. அந்தக் கதையையும் கடைசியிலே சொல்லத்தான் போகிறேன்.

சொல் இதுதான்: ‘புளோன்ட்’. எஃப், எல், ஏ, யூ, என், ரி என்று ஆறு எழுத்து. இதன் பொருள் பகட்டிக் காட்டுதல். தன்னிடம் உள்ள செல்வத்தையோ, நகையையோ, அழகையோ, அறிவையோ பிறர் கண் படும்படி எடுத்து வீசி நடத்தல். நம் ஊரிலே ‘நடப்புக் காட்டுதல்’ என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

இதன் பக்கத்து வீட்டுக்காரன் போல இன்னொரு சொல் இருக்கின்றது: ‘புளவுட்’. எஃப், எல், ஓ, யூ, ரி என்று ஐந்தெழுத்து. இதன் பொருள் முற்றிலும் வேறு. ஒரு சட்டத்தை, விதியை, கட்டளையை, பெரியோர் வகுத்த வழக்கத்தை வெளிப்படையாக அவமதித்து மீறுதல் என்பதே அதன் பொருள்.

ஒன்று காட்டுவது, மற்றது மீறுவது. இவ்வளவுதான் வேற்றுமை. ஆயினும் இவ்விரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பெரும்பாலும் மீறுவதற்குரிய சொல் இருக்கவேண்டிய இடத்திலே, காட்டுவதற்குரிய சொல்லை எழுதிவிடுகிறார்கள். ‘அவன் சட்டத்தை மீறினான்’ என்று எழுத நினைத்து, ‘அவன் சட்டத்தைப் பகட்டிக் காட்டினான்’ என்று எழுதி முடிக்கிறார்கள்.

கற்றவர்களும் இதிலே சறுக்கியிருக்கிறார்கள். 1979ஆம் ஆண்டு நவம்பரிலே தெஹ்ரான் நகரத்து அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு அங்கிருந்தோர் பணயமாகப் பிடிக்கப்பட்டனர். அடுத்த மாதம், அப்போதைய அமெரிக்க சனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஓர் அறிவிப்பு விடுத்தார். உலக சமுதாயத்தின் விருப்பத்தையும் சட்டத்தையும் ஈரான் அரசு தண்டனையின்றி மீற முடியாது என்பதே அவர் சொல்ல வந்தது. ஆனால் மீறுதற்குரிய இடத்திலே அவர் வாயில் வந்த சொல் ‘புளோன்ட்’. ஆங்கிலமே தாய்மொழியான ஒரு நாட்டின் தலைவர், உலகமே செவிசாய்த்த வேளையில், இந்தச் சிறு கல்லிலே கால் தடக்கினார் என்றால், நாம் தடக்கி விழுவது வியப்பன்று.

ஏன் இந்த மயக்கம்? ஓசை ஒற்றுமை ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. இரண்டு செயலுமே ஒளிவு மறைவின்றி நடப்பவை. நள்ளிரவிலே தெருவில் ஆளில்லை என்று பார்த்துச் சிவப்பு விளக்கைக் கடந்து போனவன் விதியை மீறினான் என்பது உண்மை. ஆனால் அதற்குப் ‘புளவுட்’ பொருந்தாது. பட்டப்பகலிலே, பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கடந்து போனானே, அவனுக்குத்தான் அது பொருந்தும். பகட்டுபவன் எல்லாரும் காணவேண்டும் என்று விரும்புகிறான். மீறுபவன் எவர் கண்டால் என்ன என்று நிற்கிறான். நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் அந்த நிலை இருவருக்கும் பொது. அதனாலேதான் எழுதுபவன் மயங்குகிறான்.

இச்சொற்களின் பழைமையைச் சிறிது பார்ப்போம். இரண்டும் 16ஆம் நூற்றாண்டிலே ஆங்கில நூல்களில் தலைகாட்டியவை. ‘புளோன்ட்’ எங்கிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் இன்னும் துணிந்து கூறவில்லை. ஆனால் அதன் பழைய பொருள் தெளிவானது: இறகும் பட்டும் காற்றிலே அசைய அலங்கரித்துக்கொண்டு திரிதல். 1755ஆம் ஆண்டிலே சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட பேரகராதியும், உடையிலே படபடக்கும் பகட்டையே இதற்குப் பொருளாகக் காட்டுகின்றது. கொடியொன்று காற்றிலே விரிந்தாடுவதை மனத்தில் வைத்துக்கொண்டால் இச்சொல்லின் உயிர் பிடிபடும்.

‘புளவுட்’ என்பதோ ஊதுகுழலோடு உறவுடையது என்று கருதப்படுகின்றது. ஒல்லாந்து மொழியிலே குழல் ஊதுவதற்கும் சீழ்க்கை அடிப்பதற்கும் உள்ள சொல் இதற்கு இனமாம். மேடையிலே பேசுபவரைப் பார்த்துக் கீழே இருப்பவர்கள் சீழ்க்கை அடிக்கிறார்கள் அல்லவா, அந்தப் பரிகாசந்தான் இதன் முதற்பொருள். முற்காலத்திலே மனிதரைப் பரிகசிப்பதற்கு வழங்கிய சொல், பிற்காலத்திலே பெரும்பாலும் சட்டத்தையும் விதியையும் பரிகசித்து மீறுவதற்கு வழங்கலாயிற்று. ஷேக்ஸ்பியர் ‘மக்பெத்’ நாடகத்தின் முதலாம் அங்கத்திலே பகைவருடைய கொடிகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். கொடிக்கு மற்றச் சொல்லன்றோ பொருத்தம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது கொடியின் அழகன்று, அதன் ஏளனம். பெரும் புலவன் சொல்லை எடை பார்த்து எடுப்பான் என்பதற்கு இது சான்று.

இனி, இளைஞர்கள் நினைவில் வைத்திருப்பதற்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். நாம் தமிழ் இலக்கணத்திலே இரண்டாம் வேற்றுமை படித்திருக்கிறோம். ஒரு வினையைக் கண்டால் ‘எதை?’ என்று கேட்டுச் செயப்படுபொருளைக் கண்டுபிடிக்கப் பழகியிருக்கிறோம். அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். எதை? வருகின்ற விடை ஒருவன் தன்னிடம் உள்ள பொருளானால், எழுதவேண்டியது ‘புளோன்ட்’. அவ்விடை அவன்மேல் ஆணை செலுத்தும் ஒன்றானால், எழுதவேண்டியது ‘புளவுட்’. தன்னிடம் இருப்பதைக் காட்டுவான். தன்மேல் இருப்பதை மீறுவான்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு தம்பி புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கினான். அதைக் கோயிலடிக்கும் சந்தையடிக்கும் மாறிமாறி ஓட்டி எல்லாருக்கும் காட்டினான். எதைக் காட்டினான்? தன் மோட்டார் சைக்கிளை. அது ‘புளோன்ட்’. தலைக்கவசம் அணியாமல் பொலிஸ் நிலையத்துக்கு முன்னாலேயே அதை ஓட்டினான். எதை மீறினான்? தலைக்கவசச் சட்டத்தை. அது ‘புளவுட்’. ஒரே தம்பி, ஒரே மாலைப்பொழுது, இரண்டு வினை.

இன்னும் கொஞ்சம் நுட்பமான இடம் ஒன்று உண்டு. அந்தத் தம்பி, ‘சட்டத்தை நான் மதிக்கிறவன் அல்லன்’ என்று நண்பர்களிடம் பெருமையாகக் காட்டித் திரிகிறான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவன் காட்டுவது சட்டத்தையன்று. சட்டத்தை மதியாத தன் குணத்தை. அந்தக் குணம் அவனிடம் உள்ள பொருள். ஆகவே அங்கே ‘புளோன்ட்’ என்று எழுதுவதே சரி. ‘எதை?’ என்ற கேள்வி இத்தகைய இடங்களிலேயும் கைகொடுக்கும்.

எழுத்திலேயும் ஓர் அடையாளம் இருக்கின்றது. ‘புளவுட்’ என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்தும் சேர்ந்து ‘அவுட்’ என்றாகும். கிரிக்கெட் ஆட்டத்திலே கேட்டுப் பழகிய சொல். விதியை வெளியே தள்ளிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ‘புளோன்ட்’ என்ற சொல்லின் கடைசி நான்கு எழுத்தையும் தனியே எடுத்தால் ‘ஆன்ட்’ என்றாகும். மாமி, சித்தி, அத்தை எல்லாருக்கும் ஆங்கிலத்திலே அந்த ஒரே சொல்தான். கலியாண வீட்டுக்கு இருக்கின்ற நகையெல்லாம் பூட்டிக்கொண்டு வருகின்ற ஒரு மாமியை மனக்கண்ணிலே நிறுத்துங்கள். இங்கே வந்திருக்கும் மாமிமார் என்னை மன்னிக்கவேண்டும். பிள்ளைகள் சோதனையிலே பிழைவிடாதிருக்க உங்களை உதவிக்கு அழைத்தேனேயன்றி வேறு நோக்கம் எனக்கு இல்லை.

‘வோன்ட்’ என்று மூன்றாவது சொல் ஒன்றும் இருக்கின்றது. வீ, ஏ, யூ, என், ரி என்பன அதன் எழுத்துகள். அது வாயினாலே பெருமை பேசுதல். பிரெஞ்சு வழியாக வந்தது. வெறுமை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வெறும் பேச்சுக்கு வெறுமையிலிருந்து பிறந்த சொல் பொருத்தமானதே. நாவினாற் பகட்டினால் ‘வோன்ட்’. கண்ணுக்குப் பகட்டினால் ‘புளோன்ட்’.

சொல்லின் பொருளை அறிந்தால் மட்டும் போதாது; அதன் சுவையையும் அறியவேண்டும். ‘புளோன்ட்’ என்பதிலே ஒரு கண்டனம் கலந்திருக்கின்றது. உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன் ஒருவன், தன் தகைமைகளைப் ‘புளோன்ட்’ செய்வதாக எழுதினால், ‘நான் ஒரு பகட்டுக்காரன்’ என்று கையொப்பமிட்டுக் கொடுத்தவனாவான். ‘எனக்கு இன்ன தகைமை உண்டு’ என்ற சாதாரண வசனம் அங்கே ஆயிரம் மடங்கு சிறந்தது. வரவேற்புப் பத்திரத்திலே, இன்றைய தலைவர் தமது கல்வியைப் ‘புளோன்ட்’ செய்பவர் என்று எழுதினால், மாலையையும் போட்டு வசையையும் சொன்னதாக முடியும். 1960களின் இறுதியிலே பிரானிஃப் என்ற அமெரிக்க விமானக் கம்பனி இச்சொல்லையே தனது விளம்பர வாசகத்தில் அமைத்து, உள்ளவன் காட்டிக்கொண்டால் என்ன என்ற கருத்தைப் பரப்பியது உண்மைதான். அது வியாபாரிகளின் விளையாட்டு. விண்ணப்பத்திலும் மனுவிலும் அந்த விளையாட்டு வேண்டாம்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: “ஐயா, எல்லாரும் மாற்றி எழுதினால் அதுவே வழக்காகிவிடாதா? அகராதியிலேயும் வந்துவிட்டதே!” நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி, ‘புளோன்ட்’ என்பதற்கு அவமதித்து மீறுதல் என்ற பொருளையும் பதிவுசெய்திருக்கின்றது. ஆனால் அந்த அகராதியே, இப்பொருள் மற்றச் சொல்லோடு ஏற்பட்ட மயக்கத்தாற் பிறந்தது என்றும், பலர் இதைப் பிழையென்றே கொள்வர் என்றும் எச்சரிக்கின்றது. நம் தமிழிலேயும் ‘அருகாமை’ என்ற சொல்லைப் பாருங்கள். அதன் வடிவம் எதிர்மறை. ஆகையால் பக்கம் என்ற பொருளில் வழங்குவது தவறு என்று இலக்கணம் அறிந்தோர் ஆட்சேபிப்பர். இருந்தும் பத்திரிகைகளிலே அது ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. ஓடுகின்ற சொல்லையெல்லாம் நாமும் ஏறிப் பிடிக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. ‘அருகில்’ என்று எழுதினால் எவரும் குறைசொல்லார். அதுபோலவே இவ்விரண்டு ஆங்கிலச் சொற்களையும் அவ்வவற்றின் இடத்திலே வைத்தால் எவரும் குறைசொல்லார். ஐயத்துக்கு இடமில்லாத வழி இருக்கும்போது ஐயமான வழியிலே ஏன் போகவேண்டும்?

கணினி திருத்தித் தரும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். எழுத்துப் பிழைக்குத்தான் அது சிவப்புக் கோடு இடும். இவ்விரண்டு சொல்லும் எழுத்துப் பிழை இல்லாதவை. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றதை வைத்தால் பல வேளைகளில் அது பேசாமலே விட்டுவிடும்.

இனி, தொடக்கத்திலே சொன்ன ஒழுங்கையின் கதைக்கு வருகிறேன்.

1978ஆம் ஆண்டு. எனக்கு 22 வயது. எங்கள் ஊர் வாசிகசாலையின் செயலாளனாக இருந்தேன். வாசிகசாலைக்குப் பின்னாலே ஓர் ஒழுங்கை. அதன் முடிவிலே பொதுக் கிணறு. பக்கத்து வளவுக்காரர் ஒருவர் வேலியை எடுத்துவிட்டுக் கல்மதில் கட்டத் தொடங்கினார். அத்திவாரம் ஒழுங்கைக்குள்ளே வந்துவிட்டது. குடத்தோடு இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னுக்குப் போகவேண்டிய நிலை. கட்டட விதிகளுக்கு இது மாறானது என்று ஒரு மனு எழுதும்படி ஊரவர்கள் என்னைக் கேட்டார்கள்.

தமிழிலே எழுதியிருக்கலாம். கந்தோரிலே இருந்தவர்களும் தமிழர்கள்தாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு என்று நினைத்தேன். இரண்டு இரவு கண்விழித்து எழுதினேன். ‘விதியை மீறினார்’ என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த சாதாரணச் சொற்கள் நான்கைந்து இருந்தன. சிறு பிள்ளையும் அறிந்த ‘பிரேக்’ என்ற சொல்லே இருந்தது. அவையெல்லாம் எனக்கு எளியனவாகத் தோன்றின. எங்கேயோ ஆங்கிலப் பத்திரிகையிலே கண்ட ‘புளோன்ட்’ என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. ஓசை நன்றாக இருந்தது. அதையே எழுதினேன். ஒரு முறை அன்று, மூன்று முறை எழுதினேன். மனுவை வாசிகசாலையிலே உரத்து வாசித்தபோது எல்லாரும் என்னை வியந்து பார்த்தார்கள். நானும் அதைத்தான் விரும்பினேன்.

விசாரணை நாளன்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வசனத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தமது கட்சிக்காரர் கட்டட விதிகளை ஊரறிய எடுத்துப் பெருமையோடு காட்டுகிறார் என்று மனுதாரரே எழுதியிருக்கிறார் என்றும், அத்தகைய நல்ல பிரசைமீது முறைப்பாடு எதற்கு என்றும் கேட்டார். அறையிலே சிரிப்பு எழுந்தது. என் காது இரண்டும் சூடேறிப் போயின. விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. அவர் அமைதியாக ஒரேயொரு கேள்வி கேட்டார்: “மதில் எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது?”

மனுவைப் புரட்டினேன். அளவு எங்கேயும் இல்லை. இரண்டு பக்கம் அலங்காரமாக எழுதிய நான், ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அளந்து அதை எழுத மறந்துவிட்டேன். அளவுகளோடு புதிய மனுக் கொடுக்கும்படி சொல்லி விசாரணையை ஒத்திவைத்தார்கள். நாங்கள் மறுபடி எழுதி, மறுபடி நாள் குறிப்பதற்குள் மதில் எழும்பி முடிந்துவிட்டது. எழும்பிய மதிலை இடிப்பிக்க ஊரிலே ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அந்தக் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போகிற ஓர் ஆச்சி, சில நாளைக்குப் பின் என்னை மறித்துக் கேட்டார்: “தம்பி, ‘ஒழுங்கையை மறிச்சுப்போட்டான்’ எண்டு தமிழிலை எழுதினால் அவையளுக்கு விளங்காதோ?”

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

அன்பர்களே, பகட்டுக்குரிய சொல்லை நான் பகட்டுக்காகவே எழுதினேன். பிழை அகராதியிலே தொடங்கவில்லை. என் மனத்திலே தொடங்கியது. சொல்லவேண்டியதை விட்டுவிட்டு, சொல்பவனைக் காட்டப் புறப்பட்டேன். அப்படிப் புறப்படுபவனுக்குச் சொல் தவறுவது இயல்பு. அடுத்த ஆண்டு ஒரு சனாதிபதியும் இதே சொல்லிலே தவறினார் என்று பின்னாளிலே படித்தபோது சிறிது ஆறுதலாக இருந்தது. ஆனால் அவருடைய பிழையால் எந்த ஒழுங்கையும் அடைபடவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவரும் கொள்ளவேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியென்று கூறி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்று வகுத்தது. இணைப்பதற்கென்று வைத்த மொழியை நாம் நன்றாகக் கற்கவேண்டும். ஆனால் நம் நாட்டிலே சிங்கள மக்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று கேலியாகச் சொல்வதுண்டு. தெரிந்தவன் தெரியாதவன்மேல் அதை வீசுவதனால் வந்த பெயர் அது. வாளாக வீசுவதும், கொடியாக ஆட்டுவதும் மொழியின் பயன் அல்ல. மதிலின் அளவைச் சொல்வதற்கும், ஆச்சியின் முறைப்பாட்டை உரிய இடத்திலே சேர்ப்பதற்கும் அது உதவினால் போதும்.

ஆகவே இளைஞர்களே, ஒரு கடிதமோ மனுவோ எழுதி முடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். வினைச்சொல்லைப் பார்த்து ‘எதை?’ என்று கேளுங்கள். பிறகு உங்களைப் பார்த்து ‘யாருக்காக?’ என்று கேளுங்கள். முதற் கேள்வி சொல்லைத் திருத்தும். இரண்டாவது கேள்வி எழுதுகிறவனைத் திருத்தும்.

அந்த மதில் இன்றும் நிற்கின்றது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் பக்கமாக ஒருக்களித்து நடந்து போகிறேன். என்னுடைய ஆங்கிலத்துக்கு ஊரிலே எஞ்சியிருக்கும் ஞாபகச் சின்னம் அதுதான்.